எச்சில் வற்றிய வாயில் இம்ப்ளான்ட் வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் டைட்டேனியம் ஸ்க்ரூவை வைத்து அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் சிகிச்சை செய்யும் பல் மருத்துவர்களுக்கும், பல் மருத்துவக் கல்லூரிகளில் அந்தப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கி உலர்த்தும் ஷோக்ரன் நோய் முற்றிய ஒருவர் உங்கள் நாற்காலியில் சாய்ந்ததும், பற்களை எண்ணத் தொடங்கும் முன்பே கையில் இருக்கும் வாய்க்கண்ணாடி சேதி சொல்லிவிடும். கன்னத்தின் உட்புறத்தில் வைத்தால் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது சவ்வும் கூடவே இழுபடும். நாக்குக்கு அடியில் வழக்கமாகத் தேங்கி நிற்கும் எச்சில் இருக்காது. ஈறை ஒட்டி, வேர் தொடங்கும் இடத்தில், பழுப்பு வளையமாகச் சொத்தை ஓடியிருக்கும். மற்றவர்களுக்குக் கடைசியாகச் சொத்தை வரும் கீழ் முன்பற்களின் விளிம்பிலும் குழி விழுந்திருக்கும். சில வருடத்துக்கு முன் போட்ட கேப், உள்ளே பல் உளுத்து, கேப்போடு முறிந்து கையில் வந்திருக்கும்.

அவருக்கு இன்று இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கிறது. "எச்சிலே இல்லையே அம்மா, இம்ப்ளான்ட் பிடிக்காது, செட் பல் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது ஒன்று. "இருப்பதும் எப்படியும் சொத்தையாகத்தான் போகிறது, மொத்தமாக எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் போட்டுவிடலாம், அதற்குச் சொத்தை வராது" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதல் பதில் இதுவரை வந்த ஆய்வுகளுக்கு எதிரானது. இரண்டாவது, அந்த ஆய்வுகள் சொல்லாத உறுதியை அவற்றின் தலையில் ஏற்றுவது. இம்ப்ளான்ட் இவர்களுக்கு நிற்கிறது. ஆனால் எச்சிலை அளந்து, ஆரம்ப நிலையைப் பதிந்து, பின்பராமரிப்பையும் சேர்த்து விலை பேசிச் செய்தால்தான் அது நின்றதில் பொருள் உண்டு. இந்த மடலில் நாங்கள் கேட்பது அதைத்தான்.

எண்களிலிருந்து தொடங்குவோம். டென்மார்க்கில் 1999-இல் வெளியான ஆய்வில், ஷோக்ரன் நோயுள்ள 8 பெண்களுக்கு 54 இம்ப்ளான்ட்கள் வைத்தார்கள். மேல்பாகத்தைப் பொருத்தும் கட்டத்திலேயே 7 எலும்போடு சேராமல் போயின. அடுத்த ஓராண்டுக்குள் இன்னும் 2 போயின. ஆறில் ஒன்று தோற்றது. "எச்சில் இல்லாதவருக்கு வேண்டாம்" என்ற பேச்சுக்கு வலு சேர்த்தவை இதுபோன்ற எண்கள்தான். ஆனால் 8 பேர் என்பது 8 பேர்தான். ஒரே ஒருவருக்கு நான்கைந்து தோற்றாலும் மொத்தக் கணக்கு சாய்ந்துவிடும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரிலிருந்து 2016-இல் வந்த ஆய்வு 50 நோயாளிகளைப் பார்த்தது. அதில் நூற்றுக்கு 97 இம்ப்ளான்ட்கள் நின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்தவர்களின் கணக்கும் நூற்றுக்கு 95-ஐ ஒட்டியே வருகிறது. சாதாரண வாயில் கிடைக்கும் எண்ணிக்கையிலிருந்து இது வெகுதூரத்தில் இல்லை.

காரணமும் புரியாததல்ல. டைட்டேனியம் எலும்போடு சேர்வது எலும்பின் இரத்த ஓட்டத்தாலும் உயிரணுக்களாலும். அந்த ஆழத்தில் எச்சிலுக்கு வேலை இல்லை. எச்சில் இல்லாத குறை வெளிப்படுவது மேலே, ஈறு இம்ப்ளான்ட்டின் கழுத்தைத் தொடும் அந்த வளையத்தில். மற்றவர்களுக்கு எச்சில் ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மி.லி. வரை சுரந்து, உணவுத் துகளைக் கழுவி, அமிலத்தைத் தணித்து, கிருமியைக் கட்டுப்படுத்தி, சவ்வுக்கு வழவழப்பு தந்துகொண்டே இருக்கிறது. இவர்களுக்கு அது 0.1 மி.லி. அல்லது அதற்கும் கீழ். கழுத்தில் படியும் அழுக்கு அங்கேயே தங்கும். துலக்கினாலும் நாக்கும் கன்னமும் உரசி நுண்ணிய புண் ஆகும். பூஞ்சை எளிதில் ஏறும். இந்த வாயில் ஸ்க்ரூவை விடவும் முதலில் அடிபடுவது அதைச் சுற்றிய ஈறு.

இங்கேதான் அந்த 97-ஐயும் 95-ஐயும் கவனமாகப் படிக்க வேண்டும். அவை பெரும்பாலும் "வாயில் இருக்கிறதா" என்ற கணக்கு. கழுத்தில் சீழ் வடிய, மேல் மரைகள் எலும்பு இல்லாமல் வெளியே நிற்க, தொட்டாலே இரத்தம் வர இருக்கும் இம்ப்ளான்ட்டும் அந்தக் கணக்கில் "நின்றது"தான். ஆய்வுகளில் நோயாளிகள் குறைவு, பார்த்த காலம் சில வருடங்கள், தனியாக ஷோக்ரன் மட்டும் உள்ளவரும் முடக்குவாதம், லூபஸ் போன்ற வேறு தன்னெதிர்ப்பு நோய்களோடு சேர்ந்து வந்தவரும் ஒரே பட்டியலில். நல்ல முடிவுகளில் பலவும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. அங்கே நோயாளியைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்க்க ஆள் உண்டு. அந்த எண்ணை எடுத்து, வருடத்துக்கு ஒரு முறைகூடத் திரும்ப அழைக்காத கிளினிக்கின் விளம்பரத்தில் போட்டால் அது நியாயமாகாது.

எச்சிலை அளக்கும் வேலைக்கு வருவோம். இதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. செய்பவர்களோ மிகக் குறைவு. நகைக்கடையில் வைப்பதுபோன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று, ஒரு பிளாஸ்டிக் கப், ஒரு கடிகாரம். காலை 9 முதல் 11-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் சாப்பாடு, காபி, பல் துலக்கல், புகை எதுவும் கூடாது. காலிக் கப்பை எடை போடுங்கள். நோயாளி நேராக உட்கார்ந்து ஒரு முறை விழுங்கிவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, வாயைத் திறந்து, எச்சில் தானாகக் கப்பில் விழ விடட்டும். பேசக்கூடாது, விழுங்கக்கூடாது, உறிஞ்சிச் சுரக்க வைக்கவும் கூடாது. 5 நிமிடம். பிறகு கப்பை மறுபடி எடை போட்டால் வித்தியாசம்தான் எச்சில். 1 கிராமை 1 மி.லி. என்று எடுத்துக்கொள்ளலாம். 0.3 கிராம் வந்தால் நிமிடத்துக்கு 0.06 மி.லி. 2016-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் 0.1 அல்லது அதற்குக் கீழ் என்பது ஒரு மதிப்பெண். அதனால் நீங்கள் எழுதும் இந்த எண் வாதநோய் மருத்துவருக்கும் பயன்படும்.

அதோடு நிற்காமல் இரண்டாவது அளவும் எடுங்கள். சுவையில்லாத பாரஃபின் மெழுகை 5 நிமிடம் மெல்லச் சொல்லி, சுரப்பதை அதேபோல் சேகரியுங்கள். மெல்லும்போது நிமிடத்துக்கு 0.7 மி.லி.க்கு மேல் வந்தால் சுரப்பியில் இன்னும் உயிர் இருக்கிறது; சர்க்கரை இல்லாத சூயிங்கம்மும், எச்சில் சுரக்க வைக்கும் பைலோகார்பின் மாத்திரையும் பலன் தரும். இரண்டு அளவும் அடிமட்டம் என்றால் மாத்திரையால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. முழுப் பாரமும் ஃப்ளோரைடின் மீதும் பராமரிப்பின் மீதும் விழும். இந்த இரண்டு வாய்களுக்கும் ஒரே திட்டம் போடக்கூடாது. இந்த அளவு இல்லாமல் போடும் திட்டம், சர்க்கரை பார்க்காமல் செய்யும் அறுவைசிகிச்சை மாதிரி.

வாய் வறட்சி என்றதும் ஷோக்ரன் என்று முடிவு கட்டவும் வேண்டாம். மனச்சோர்வுக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின், ஒவ்வாமைக்குத் தரும் செட்டிரிசின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை தனியாகவே வாயை உலர்த்தும். நோயோடு இவையும் சேர்ந்தால் இரட்டை அடி. மாத்திரைச் சீட்டு முழுவதையும் பாருங்கள். மாற்ற முடிந்ததை மாற்றச் சொல்லி எழுதியவருக்கே கடிதம் கொடுங்கள்.

அந்தச் சீட்டில் வேறு கண்ணிகளும் இருக்கும். ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிவுக்காக வாரம் 70 மி.கி. அலென்ட்ரோனேட்டோ, வருடம் ஒரு முறை ஸோலெட்ரானிக் அமில ஊசியோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறை 60 மி.கி. டெனோசுமாப் ஊசியோ போயிருக்கலாம். "வருடத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்பதை நோயாளி மாத்திரைப் பட்டியலில் சொல்லமாட்டார். நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து எலும்பு மெலிவுக்குத் தரும் அளவில் குறைவுதான், ஆனால் ஸ்டீராய்டும் சேரும்போது கூடும். டெனோசுமாப் போட்டிருந்தால் கடைசி ஊசிக்கு 3 அல்லது 4 மாதம் கழித்து அறுவைசிகிச்சையை வையுங்கள். ஆறாம் மாத ஊசிக்குள் புண் ஆறிவிடும். அந்த ஊசியை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். தள்ளிப்போனால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு.

ஸ்டீராய்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸிக்ளோரோகுயினை நிறுத்தத் தேவையே இல்லை. ஆனால் அதோடு அஸித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் ஆகியவை சேர்ந்தால் இதயத் துடிப்பின் மின்னோட்டம் குழம்பலாம். ஆன்டிபயாடிக் எழுதும்போது நினைவிருக்கட்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிடும் மாத்திரை. உங்கள் பதிவேட்டில் அது "தினமும்" என்று ஏறி, அந்தத் தாளைப் பார்த்து வேறு யாராவது எழுதிக்கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையோடு எழுதுங்கள். நோயெதிர்ப்பை அடக்கும் ரிடுக்ஸிமாப் போன்ற ஊசியில் இருப்பவருக்கு நாள் குறிப்பதை வாதநோய் மருத்துவரோடு பேசியே செய்யுங்கள்.

கத்தி வைக்கும் முன் வாயைச் சுத்தப்படுத்தும் காலம் ஒன்று வேண்டும், குறைந்தது நான்கு வாரம். சிவந்து எரியும் அண்ணம், வெடித்த வாயோரம், செட் பல்லுக்கு அடியில் செவ்வாடை விரித்ததுபோல் சவ்வு, இவையெல்லாம் பூஞ்சை. வெள்ளைப் படலம் இல்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்; வறண்ட வாயில் சிவப்புப் பூஞ்சைதான் அதிகம். பூஞ்சைக்குத் தரும் நிஸ்டாட்டின் திரவத்தில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும். எச்சில் இல்லாத வாயில் நாளைக்கு நான்கு முறை அதைத் தேக்கி வைக்கச் சொன்னால் பூஞ்சை போகும், மிச்சப் பற்களும் போகும். சர்க்கரையில்லாததைத் தேடுங்கள், லேபிளைப் படியுங்கள். செட் பல்லை இரவில் கழற்றி மருந்துத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்கள். வாயை மட்டும் சரிசெய்துவிட்டு அதே செட்டை மாட்டினால் இரண்டே வாரத்தில் பழைய கதை. மிச்சமுள்ள பற்களில் ஓடும் சொத்தையை அடைப்பதும், ஈறு நோயைத் தணிப்பதும், புகையை நிறுத்துவதும் இதே காலத்துக்குள்.

அறுவைசிகிச்சை நாளில் பெரிய மாற்றங்கள் இல்லை, சிறிய கவனங்கள் நிறைய. ஆமாக்ஸிசிலின் ஒத்துக்கொள்பவருக்கு ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம். உதட்டுக்கு வாசலின் தாராளமாக. வாய்க்கண்ணாடியையும் கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரையும் சலைனில் நனைத்த பிறகே உள்ளே விடுங்கள். பஞ்சு உருளையை உலர்ந்தபடி இழுத்து எடுப்பது இந்த வாயில் நாம் செய்யும் மிகச் சாதாரணமான, மிகக் கொடுமையான தவறு. அது சவ்வோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் தோல் உரிந்து வரும், அடுத்த ஒரு வாரம் அந்தப் புண்ணோடு அவர் சாப்பிட வேண்டும். எடுப்பதற்கு முன் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துப் பஞ்சின் அடியில் விட்டு, அது தானாக மிதந்து விடுபட்ட பிறகு எடுங்கள். இதற்கு ஆகும் நேரம் பத்து விநாடி. உங்கள் உதவியாளருக்கு இதை ஒரு முறை கையைப் பிடித்துக் காட்டிக்கொடுங்கள்.

எலும்பில் துளையிடும்போது குளிர்ந்த சலைன் இடைவிடாமல் ஓட வேண்டும்; 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு சேதமாகத் தொடங்கும். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளான்ட்களுக்கு நடுவே 3 மி.மீ., கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கு மேல் 2 மி.மீ. என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. இங்கே அவற்றில் பேரமே கூடாது, ஏனென்றால் நெருக்கி வைத்த இடத்துக்குள் இவர்களால் தூரிகையை நுழைக்க முடியாது. முடக்குவாதமும் சேர்ந்தவரின் விரல்களைப் பாருங்கள், 0.6 மி.மீ. இடைப்பல் தூரிகையைப் பிடித்து உள்ளே தள்ள அந்த விரல்களால் முடியுமா என்று வாங்கிக்கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இம்ப்ளான்ட்டின் எண்ணிக்கையையும் மேல்பாகத்தின் வடிவத்தையும் அதற்குத் தக்கபடி குறையுங்கள். 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கம் கிடைத்துவிட்டது என்பதற்காக அன்றே பல் மாட்டி அனுப்பும் ஆசையை இந்த வாயில் அடக்குங்கள். கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 4 முதல் 6 மாதம் பொறுங்கள். பட்டு நூல் அழுக்கை உறிஞ்சும், நைலான் போன்ற ஒற்றை இழை நூல் நல்லது. ஆனால் அதன் முனை வறண்ட நாக்கைக் குத்தும், முடிச்சைக் கன்னப் பக்கம் தள்ளிக் குட்டையாக வெட்டுங்கள்.

பல் செய்ய வாயை அளவெடுக்கும்போது, கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் கலந்த பேஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். வறண்ட சவ்வில் அது எரிக்கும், ஒட்டும். சிலிக்கான் போதும். ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய் வசதியானதுதான், எச்சில் மறைப்பதில்லையே.

கேப் விஷயத்தில் எங்கள் கருத்து திட்டவட்டமானது. முடிந்த இடத்திலெல்லாம் ஸ்க்ரூவில் இறுக்கும் வகையைப் போடுங்கள், சிமென்டில் ஒட்டும் வகை வேண்டாம். ஈறுக்கு அடியில் பிதுங்கிய கடுகளவு சிமென்ட்கூட இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சீழ் பிடிக்கப் போதும். சாதாரண வாயிலேயே இது நடக்கும்போது இங்கே கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூ என்றால் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் மாட்டலாம். கேப்பின் விளிம்பு ஈறுக்குள் ஆழமாகப் புதைய வேண்டாம். கடைவாயில் அழகுக்காகப் புதைத்து யாருக்கு என்ன பயன்?

இயற்கைப் பல்லையும் இம்ப்ளான்ட்டையும் ஒரே பாலத்தில் இணைக்காதீர்கள். பல் உள்ளே உளுத்துப்போகும், இம்ப்ளான்ட்டில் இறுகப் பிடித்த பாலம் ஆடாமல் நிற்கும், வலியும் தெரியாமல் வேர் மட்டும் எஞ்சும். இதைவிட மறைவாக நடப்பது ஒன்று உண்டு. இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டியதால் நகராது. அதன் முன்னால் இருக்கும் இயற்கைப் பல்லோ வருடக்கணக்கில் மெல்ல முன்னோக்கி நகரும். முதலில் இறுக்கமாக இருந்த தொடர்பில் இடைவெளி விழும். மற்றவர்களுக்கு அங்கே தேங்காய்த் துருவல் சிக்கினால் எச்சிலும் நாக்கும் பார்த்துக்கொள்ளும். இவர்களுக்கு அது இரவு முழுக்க அங்கேயே கிடக்கும். ஆறே மாதத்தில் பக்கத்துப் பல்லின் வேரில் சொத்தை. இம்ப்ளான்ட் "வெற்றி", அதன் பக்கத்துப் பல் போய்விட்டது. இந்த இழப்பு எந்த வெற்றிக் கணக்கிலும் வருவதில்லை. ஒவ்வொரு வருகையிலும் அந்த இடைவெளியில் பல் நூலை இறக்கிப் பாருங்கள். தடையில்லாமல் நழுவினால் கேப்பைக் கழற்றித் தொடர்புப் பக்கத்தில் பீங்கான் சேர்த்து மாட்டுங்கள். ஸ்க்ரூ வகையாக இருந்தால்தான் இதுவும் எளிதில் முடியும்.

பல்லே இல்லாதவருக்கு என்ன செய்வது? இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும் அல்லவா, மேல் செட் அப்படித்தான் நிற்கிறது. அந்தச் சொட்டு இல்லாத வாயில் செட் விழும், விழாதபோது உரசும். ஜெர்மனியின் சட்டபூர்வ மருத்துவக் காப்பீடு வழக்கமாக இம்ப்ளான்ட்டுக்குப் பணம் தருவதில்லை. சாதாரணச் செட் பல் பொருந்தாது என்றால் தரலாம் என்று ஒதுக்கிய சில விதிவிலக்குகளில் நிரந்தரமான கடும் வாய் வறட்சியும் ஒன்று. இங்கே மறுக்கச் சொல்லும் அதே காரணம் அங்கே கொடுக்கச் சொல்லும் காரணமாக இருக்கிறது. கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் கழற்றி மாட்டும் செட் என்பது 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் எல்லாருக்கும் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. வறண்ட வாய்க்கு அது இன்னும் பொருத்தம். உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்தால் செட் ஆடும், ஆடினால் சவ்வு புண்ணாகும். பிடி தளர்ந்ததும் மாற்றுங்கள், பல வருடம் விட்டுவைக்காதீர்கள். எலும்பு இடம் கொடுத்தால் சவ்வைத் தொடாத நிலையான பல்வரிசை இதைவிட மேல், தூரிகை நுழைய அடியில் வழி விட்டால் மட்டும்.

இனி எல்லாப் பல்லையும் எடுத்துவிடலாம் என்பவர்களுக்கு. இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றும் வழிகளை முயலாமல் எடுப்பதற்கு அது சாக்காகாது. வேரின் மேற்பரப்பு எனாமலைவிட எளிதில் கரையும். எனாமல் கரையத் தொடங்குவது பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 5.5-க்குக் கீழே, வேரோ 6.2-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். பால் கலந்த காபியே அதற்குப் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஃப்ளோரைடு கூடுதலாக வேண்டும். இந்தியாவில் பற்பசையில் 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு) மேல் ஃப்ளோரைடு இருக்கக்கூடாது என்பது விதி. இவர்களுக்கு மற்ற நாடுகளில் எழுதித்தரும் 5000 பிபிஎம் பசை இங்கே மருந்துக்கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. எனவே உங்கள் கையில் இருக்கும் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் பூசுவதுதான் இங்கே முதுகெலும்பு. வீட்டில் பயன்படுத்தும் ஃப்ளோரைடு ஜெல் நடுநிலையானதாக இருக்கட்டும். அமிலம் சேர்த்த ஜெல் வறண்ட சவ்வை எரிக்கும், டைட்டேனியத்தை அரிக்கும், பீங்கானின் பளபளப்பையும் கெடுக்கும். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பசை, ஆல்கஹால் இல்லாத கொப்பளிப்பான். கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பான் தேவைப்படும் வாரங்களில் மட்டும். தினசரி வழக்கமாக வேண்டாம்.

சாப்பாட்டைக் கேட்காமல் இதெல்லாம் பாதிதான். முறுக்கும் சப்பாத்தியும் இறங்காததால் இவர்கள் ரசம் சாதம், மோர் சாதம் என்று மாறியிருப்பார்கள், அதில் கேடில்லை. கேடு நடுவில் இருக்கிறது. வாய் காய்கிறதென்று நாள் முழுக்கக் கற்கண்டு, இஞ்சி மிட்டாய், புளி மிட்டாய், எலுமிச்சைத் துண்டு, நாலு முறை சர்க்கரை போட்ட காபி. புளிப்பு கொஞ்சம் சுரக்க வைக்கத்தான் செய்யும். அந்த நிம்மதிக்காகத்தான் சாப்பிடுகிறார்கள், அதனால் "சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் கேட்கமாட்டார்கள். பதிலுக்கு ஒன்று கொடுங்கள்: ஸைலிட்டால் கலந்த சூயிங்கம், செட் பல் இருப்பவருக்கு வாய் நனைக்கும் ஜெல், படுக்கப்போகும் முன் கன்னத்தின் உட்புறத்தில் தடவ இரண்டு சொட்டு நல்லெண்ணெய். எண்ணெய் வழுக்கலுக்குத்தான், சொத்தையைத் தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பைலோகார்பின் 5 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை எடுப்பவர்களுக்கு வியர்வை கொட்டும், சிறுநீர் அடிக்கடி வரும். கட்டுப்படாத ஆஸ்துமா, குறுங்கோணக் கண் அழுத்த நோய் இருப்பவருக்குக் கூடாது. எழுதும் முன் கண் மருத்துவரைக் கேளுங்கள். இவர்களுக்குக் கண்ணும் வறண்டிருப்பதால் எப்படியும் ஒரு கண் மருத்துவர் இருப்பார்.

கேப் மாட்டிய அன்று ஒரு எக்ஸ்ரே, இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஆறு இடத்தில் மென்மையாக ஆழம் அளந்து குறிப்பு, இரத்தம் வந்ததா என்ற பதிவு. இது இல்லையென்றால் மூன்று வருடம் கழித்து எலும்பு இறங்கியதா, அப்போதே அப்படித்தானா என்று யாருக்கும் தெரியாது. பழைய பதிவே இல்லாதவருக்கு 2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாடு சொல்வது: இரத்தக் கசிவோ சீழோ, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இறக்கம் என்றால் நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலைக்குக் காத்திருக்க வைப்பதே நம் குறை. முதல் வருடம் முடிந்ததும் ஒரு எக்ஸ்ரே, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்து, டைட்டேனியம் அல்லது பிளாஸ்டிக் கருவியால் கழுத்தைச் சுத்தம் செய்து, பூஞ்சை பார்த்து, மிச்சப் பற்களுக்கு வார்னிஷ் பூசி அனுப்புங்கள்.

இதற்கான பணம் ஆரம்ப மதிப்பீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது எங்கள் முக்கியமான கோரிக்கை. நம் நாட்டின் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் உடைந்த பல்லைத் தவிர வேறு பல் சிகிச்சையை ஏற்பதில்லை. முழுத்தொகையும் குடும்பத்தின் கையிலிருந்து போகிறது. ஒரு முறை பெரிய தொகை கொடுத்த வீட்டில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி வந்து கொடுக்க மனம் வராது. "இம்ப்ளான்ட் இவ்வளவு" என்று மட்டும் எழுதாமல், "இம்ப்ளான்ட்டும் முதல் இரண்டு வருடத்தின் எட்டுப் பராமரிப்பு வருகைகளும் சேர்த்து இவ்வளவு" என்று எழுதுங்கள். தொகை பெரிதாகத் தெரிந்து நோயாளி தயங்கினால், இம்ப்ளான்ட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வருகைகளைக் குறைக்காதீர்கள். நான்கு வைத்துப் பராமரிக்காமல் விடுவதைவிட, இரண்டு வைத்து எட்டு முறை பார்ப்பது அவருக்கு நல்லது.

கல்லூரிகளில் இருப்பவர்களிடம் கூடுதலாக ஒன்று. உங்கள் பிரிவில் வைக்கும் ஒவ்வொரு இம்ப்ளான்ட்டுக்கும் ஒரு படிவம் இருக்கும். அதில் நிமிடத்துக்கு எச்சில் அளவு, தனி ஷோக்ரனா வேறு நோயோடு சேர்ந்ததா, ஸ்டீராய்டு, எலும்பு மருந்துகள், பக்கத்துப் பற்களின் நிலை என்று ஐந்து வரிகள் சேர்த்துவிடுங்கள். ஐந்து வருடத்தில் பத்துக் கல்லூரிகள் சேர்ந்து நூறு பேரைப் பதிந்தாலே போதும், வெளிநாட்டில் 50 பேரைப் பார்த்து எழுதியதை நம் நோயாளிக்கு அப்படியே சொல்ல வேண்டியிருக்காது.

கடைசியாக, அந்த மூன்று மாத வருகையில் கையுறையைக் கழற்றும் முன் ஒரு வேலை. இரு பக்கமும் காதுக்கு முன்னாலும் தாடைக் கோணத்துக்குப் பின்னாலும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். இந்த நோயில் அங்கே இருக்கும் எச்சில் சுரப்பி வீங்குவதும் வடிவதும் வழக்கம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, மாதக்கணக்கில் வடியாமல் இருந்தால், கழுத்தில் நெறி கட்டியிருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்திருந்தால், அன்றே வாதநோய் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். ஷோக்ரன் நோயாளிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நிணநீர்ப் புற்று வருகிறது. பலருக்கு அது இந்தச் சுரப்பியிலேயே தொடங்குகிறது. வாதநோய் மருத்துவர் அவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்து பார்க்கிறீர்கள்.

இப்படிக்கு,
வறண்ட வாய் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் பல் மருத்துவர்கள், வாதநோய் மருத்துவர்கள் சிலர்